வித்தவுட்டுக்கு மூக்கடைப்பு

ஞாயிறு, காலை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நீங்களும் குழந்தையும் நன்றாகத் தூங்குகிறீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. எழுப்பினாலும் என்ன பேசுவது என்று தெரியாது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாம் இருவரும் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. நேற்று நீங்கள் வந்து உட்கார்ந்ததும் நான், "தாத்தாவுக்குக் காபி வேணுமான்னு கேளுடி" என்றேன். நீங்கள், "சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லு உங்கம்மாவை" என்றீர்கள். ஏழு மாதக் குழந்தை பாவம், நம் முகங்களை மாறி மாறிப் பார்த்தது. அதனால்தான் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

எங்கள் அச்சகத்தில் பரீட்சை வினாத்தாள் அச்சடிக்கிறார்கள். நான் பிழை திருத்துகிறவள். அச்சு ஓடத் தொடங்கினால் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். பரீட்சை முடிகிற அன்றுதான் கதவு திறக்கும். நம் தெருக்கோடியில்தான் இருக்கிறேன், ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம். போன் கிடையாது. கேட்டில் உள்ள பெட்டியில் கடிதம் போடலாம். கண்காணிப்பாளர் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். என் பதிலையும் அதே கேட்டில் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இந்த முறை கடைசிவரை இருந்துவிட்டால் என் வேலை நிரந்தரமாகிவிடும்.

"பெத்த பிள்ளையை விட்டுட்டு அடைஞ்சு கிடக்கற வேலை என்ன வேலை?" என்று உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது. அப்படியும், உங்கள் மகன் கப்பலில் இருக்கிற இந்த நேரத்தில், கூப்பிட்டதும் உங்கள் மகள் வீட்டிலிருந்து கிளம்பி வந்தீர்கள். அதற்கு நன்றி.

பால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம். நடுவில் மசித்த வாழைப்பழம். டயப்பர் கட்டிலுக்கு அடியில். மற்றதையெல்லாம் அவளே சொல்லுவாள், தெருவுக்கே கேட்கும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்


செவ்வாய்

குழந்தையோட அம்மாவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். எல்லாரும்னா ■■ பேர்தான்.

பிள்ளையைப் பாத்துக்கத் தெரியுமான்னு உனக்கு உள்ளுக்குள்ள சந்தேகம் இருக்கும். ■■ வருஷம் பஸ்ல கண்டக்டரா நின்னவன் நான். கால் வைக்க இடமில்லாத வண்டியில படிக்கட்டுலேர்ந்து டிரைவர் வரைக்கும் போய் டிக்கெட் கிழிச்சவனுக்கு, இத்தனூண்டு பிள்ளை ஒரு விஷயமா? பகல் முழுக்க என் தோள்லதான் சவாரி. இறக்கிவிட்டா கூச்சல். டிக்கெட்டும் எடுக்கறதில்ல, பாஸும் கிடையாது. அதனால 'வித்தவுட்'னு பேர் வெச்சிருக்கேன். கூப்பிட்டா திரும்பிப் பாக்கறா.

பால் விஷயத்துலதான் தகராறு. பாட்டிலை ஆசையா வாங்கறா, ■■ மடக்கு உறிஞ்சறா, உடனே விட்டுட்டுக் கத்தறா. மறுபடி வாங்கறா, மறுபடி கத்தறா. பிடிவாதம். அது யார் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு நான் சொல்ல வரல.

ஒரு நல்ல சேதி. எங்க வம்சமே குறட்டைக்குப் பேர் போனது. எங்கப்பா குறட்டை விட்டா பக்கத்து வீட்டுல எழுந்து உக்காந்துப்பாங்க. உன் புருஷன் சங்கதி நான் சொல்லித் தெரிய வேண்டாம். நேத்துலேர்ந்து நம்ம வித்தவுட்டும் ஆரம்பிச்சுட்டா! கொர்ர் கொர்ர்னு மேடு ஏறற வண்டி மாதிரி. பெருமை தாங்கல எனக்கு. மாடி வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுக் கேக்க வெச்சேன்.

இப்படிக்கு,
உன் புருஷனோட அப்பா


புதன்

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிழை பார்த்தே பழகிய கண் இது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அது குறட்டை இல்லை மாமா. மூக்கடைப்பு.

பிடிவாதமும் இல்லை. வாயில் பாட்டில், மூக்கில் சளி என்றால் அவள் எங்கே போய் மூச்சு விடுவாள்? அதனால்தான் உறிஞ்சுகிறாள், திணறுகிறாள், விட்டுவிட்டு அழுகிறாள். பசியோடு அழுகிறாள் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

மருந்துக்கடையில் குழந்தை மூக்குக்கு விடுகிற உப்புத்தண்ணீர்ச் சொட்டு என்று கேளுங்கள், தருவார்கள். பால் கொடுக்க ■■ நிமிஷம் முன்னால் ஒவ்வொரு மூக்குத் துளையிலும் ■■ சொட்டு விடுங்கள். கொஞ்சம் பொறுத்து, சளி உறிஞ்சுகிற ரப்பர் பல்பால் மெதுவாக எடுங்கள். பல்பு பீரோ மேல்தட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ■■ தடவைக்கு மேல் வேண்டாம், மூக்கு புண்ணாகும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள். தண்ணீர்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள். தைலம், கற்பூரம் எதையும் தடவக் கூடாது, யார் சொன்னாலும் கூடாது. மூச்சிழுக்கும்போது விலா உள்ளே குழிந்தாலோ, டயப்பர் நனையாமலே இருந்தாலோ, காய்ச்சல் ■■ தொட்டாலோ உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கட்டளை போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் நானே செய்திருப்பேன்.

தங்கள் மருமகள்


வியாழன்

குழந்தையோட அம்மாவுக்கு,

கடிதமா அனுப்பினே? புதுசாத் தார் போட்ட ரோட்டை அனுப்பியிருக்கே. எங்கெல்லாம் எண்ணிக்கை இருக்கணுமோ அங்கெல்லாம் கறுப்பு மை. கேட்டுல இருக்கற வாட்ச்மேனைப் பிடிச்சு நல்லாக் கேட்டுட்டேன். எண் எதுவும் வெளிய போகக் கூடாது, உள்ள வரவும் கூடாது, அதுல வினாவும் விடையும் ஒளிஞ்சிருக்கலாம்னு கண்காணிப்பாளர் உத்தரவாம். பச்சைப் பிள்ளை மூக்குல விடற சொட்டுல எந்தப் பரீட்சைக்குய்யா விடை இருக்குன்னு கேட்டேன். அவன் வேற பக்கம் பாத்துச் சிரிக்கறான்.

நேரா மருந்துக்கடைக்குப் போனேன். அங்க இருக்கற பொண்ணுகிட்ட உன் கடிதத்தை நீட்டினேன். கோடிட்ட இடங்களை நிரப்புகன்னு சொன்னேன். அது சிரிச்சுக்கிட்டே பென்சிலால எல்லாத்தையும் நிரப்பிக் குடுத்துச்சு.

வீட்டுக்கு வந்து அந்த ரப்பர் பல்பை முதல்ல என் மூக்குலதான் வெச்சுப் பாத்தேன். தெரியாம பிள்ளை மேல பிரயோகம் பண்ணலாமா? மூக்குல வெச்சுட்டு அமுக்கினேன். உள்ள இருந்ததெல்லாம் மூளைக்குப் போயிடுச்சு. கண்ணுல தண்ணி கொட்டுது. மறுபடி கடைக்கு ஓடினேன். வெளியவே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மூக்கோரத்துல வெச்சப்புறம் கையைத் தளர்த்தணும்னு அந்தப் பொண்ணு பொறுமையாச் சொல்லிக் குடுத்துச்சு. நல்ல வேளை, சோதனைக்கு என் மூக்கு இருந்துச்சு.

வித்தவுட் பல்பைப் பாத்ததும் ஊரைக் கூட்டினா. பெட்டியிலேர்ந்து என் பழைய விசிலை எடுத்து மெல்ல ஊதினேன். அழுகையை நிறுத்திட்டு வாயைப் பிளந்துக்கிட்டுப் பாத்தா. அந்தச் சமயத்துல சொட்டு, அப்புறம் பல்பு. என்ன வந்துச்சுன்னு எழுதமாட்டேன், நீ சாப்பிடற நேரத்துல படிச்சாலும் படிப்பே. ஆனா அதுக்கப்புறம் முழு பாட்டிலையும் ஒரே மூச்சாக் குடிச்சுட்டு ஏப்பம் விட்டா பாரு, என் வயிறு நிறைஞ்சுடுச்சு.

மாடி வீட்டம்மா தைல டப்பாவோட வந்தாங்க. அந்த டப்பாவோட என் வாசப்படி ஏறாதீங்கன்னுட்டேன். இப்ப அவங்க என்கூடப் பேசறதில்ல. குறட்டைப் பெருமையை வேற வாபஸ் வாங்கவேண்டியதாப் போச்சு. அதுதான் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

இனிமே எண்ணே எழுதாதே. என் மூக்குக் கண்ணாடியில எத்தனை கண்ணாடியோ அத்தனை சொட்டுன்னு எழுது. அந்த மனுஷன் எதை அழிப்பார்னு பாத்துடலாம்.

இப்படிக்கு,
உன் மாமனார்


வெள்ளி

அன்புள்ள மாமா,

கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "மூக்குக் கண்ணாடி என்றால் எந்தப் பாடம்?" என்று விசாரித்தார். நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புதிர் போட்டால் கடிதமே நின்றுவிடும் என்று எச்சரிக்கை. 'ஒரு' என்பதை மட்டும் விட்டுவைக்கிறார். அதையும் அழித்தால் தமிழில் மனுஷன் எழுத முடியாதே என்று அவரே சொன்னார். பொல்லாத ஆள் இல்லை. விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர், அவ்வளவுதான்.

நீங்கள் உங்கள் மூக்கில் பரீட்சை பார்த்ததைப் படித்துவிட்டு எல்லார் நடுவிலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் கழிவறையில் போய் அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். எனக்கு நல்லதை மட்டும் எழுதாதீர்கள். கெட்டது நடந்தால் கெட்டதையும் எழுத வேண்டும். மறைப்பீர்கள் என்று ஒரு தடவை தோன்றிவிட்டால், அப்புறம் நீங்கள் எழுதுகிற நல்லதையும் என்னால் நம்ப முடியாது. நம்ப முடியாமல் இந்தச் சுவருக்குள் இருக்கவும் முடியாது.

உங்கள் மருமகள்


சனி, காலை

மருமகளுக்கு,

கெட்டதும் வேணும்னு கேட்டே. இந்தா, எழுதறேன்.

நேத்து மத்தியானம் பால் இறங்கல. சொட்டு போட்டேன், உறிஞ்சி எடுத்தேன், ஆவியில உக்காந்தேன். அடைப்பு விடல. உடம்பு சுட்டுச்சு. காய்ச்சல் குச்சி வெச்சுப் பாத்தேன், ■■ காட்டுச்சு. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினேன். அங்க ஒரே கூட்டம். வாழ்க்கை முழுக்க ஜனங்களை வரிசையில வாங்க வரிசையில வாங்கன்னு கத்தினவன், நேத்துதான் முதல் தடவையா வரிசையை உடைச்சுக்கிட்டு உள்ள போனேன். யாரோ திட்டினாங்க. திட்டட்டும்.

டாக்டர் நெஞ்சுல குழல் வெச்சுப் பாத்தாங்க. நெஞ்சு சுத்தமா இருக்கு, சாதாரணச் சளிக் காய்ச்சல்தான்னாங்க. மருந்து ■■ மில்லி. மூக்குக்கு நீ சொன்ன அதே வைத்தியம்தான், வேற புதுசா ஒண்ணும் சொல்லல. காய்ச்சல் இறங்கலைன்னா திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்ததும் குடிச்ச கொஞ்சத்தையும் என் சட்டையிலயே வாந்தி எடுத்துட்டா. அதையும் மறைக்காம எழுதறேன்.

சாயங்காலம் ■■. இன்னிக்குக் காலைல ■■. இப்போ தூங்கறா.

மாமா


சனி, மாலை

மாமா,

எனக்கு எது தெரிய வேண்டுமோ அங்கெல்லாம் கறுப்பு. ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா? கண்காணிப்பாளரிடமே கேட்டேன். அழித்ததை நானே வாயால் சொன்னால் எதற்கம்மா அழித்தேன் என்கிறார்.

பையைக் கட்டிவிட்டேன். வெளியே போகிறேன் என்று அவரிடம் சொல்லியும்விட்டேன். பதிவேட்டைத் திறந்துவைத்தார். அப்புறம் அவரே மூடினார். "கையெழுத்துப் போட்டால் திரும்ப வழி கிடையாது. காலைவரை யோசி" என்றார். யோசிக்க எனக்கு எதுவும் இல்லை. வேலை போனால் போகட்டும், அவளைவிடவா?

உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த வேலை பிடிக்காது. அதைக் குத்திக்காட்டவில்லை. நீங்கள் நினைத்ததே சரி என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. 'வா' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். வந்துவிடுகிறேன். பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்ட மாட்டேன். ஆனால் உண்மையை எழுதுங்கள் மாமா. என் கண்ணுக்கு இப்போது நீங்கள்தான்.

உங்கள் மருமகள்


ஞாயிறு, விடிந்ததும்

அம்மாடி,

வராதே.

காய்ச்சல் இறங்கிடுச்சு. எண் போடல, அழிக்க அவருக்கு ஒண்ணும் வைக்கல. அவ நெத்தியும் என் நெத்தியும் ஒரே மாதிரி இருக்கு. பாட்டில்ல பாதிக்கு மேல குடிச்சா. டயப்பர் நல்லா நனைஞ்சிருக்கு. நனைஞ்ச டயப்பரைப் பாத்து நான் சந்தோஷப்படுவேன்னு யாராவது போன வாரம் சொல்லியிருந்தா வண்டியை நிறுத்தி இறக்கி விட்டிருப்பேன். மூக்கு இன்னும் கொரகொரங்குது. மத்தியானம் திரும்பவும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரப்போறேன், எனக்குத் திருப்தியா இருக்கணும்.

உன் வேலை எனக்குப் பிடிக்கலைன்னு சொன்னது வாஸ்தவம். 'வா'ன்னு எழுதினா நான் நினைச்சது நடந்துடும். நேத்து உன் கடிதத்தைப் படிச்சுட்டுப் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஆனா அது பொய்யான வார்த்தையாப் போயிடும். பிள்ளைக்கு நீ இப்ப வந்து ஆகவேண்டியது ஒண்ணுமில்ல. ஆகவேண்டியது இருந்தா, சத்தியமாச் சொல்றேன், நான் கடிதம் எழுதிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன். அந்த கேட்டை உடைச்சுக்கிட்டு வந்து உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவேன். கெட்டதைக் கேட்டே, எழுதினேன். இப்ப நல்லதை எழுதறேன், இதையும் நீ நம்பணும். நம்பலைன்னா நான் இங்க எதுக்கு?

கடிதத்தை அவர் அழிப்பார். காத்தை என்ன பண்ணுவார்? தினம் காலைல அவ பால் குடிச்சு முடிச்சதும் உங்க சுவருக்கு வெளிய வந்து ஊதறேன். ஒரு நீள விசில் கேட்டா ஹோல்டான், அங்கயே இரு, பிள்ளை நல்லா இருக்கான்னு அர்த்தம். சின்னச் சின்னதா அடுத்தடுத்துக் கேட்டா ரைட் போலாம், பையைத் தூக்கிட்டு வந்துடு. என் சர்வீஸ்ல தப்பா விசில் ஊதினது கிடையாது. பை கட்டினபடியே இருக்கட்டும். காலைல காதைத் தீட்டி வெச்சுக்கோ.

உன் மாமா


செவ்வாய்

அன்புள்ள மாமா,

திங்கள் காலை மெஷின் சத்தத்தில் எங்கே கேட்காமல் போகுமோ என்று ஜன்னலோரம் போய் நின்றிருந்தேன். கேட்டது. இப்படியா ஊதுவார்கள்? கப்பலில் இருக்கிற உங்கள் மகனுக்கே கேட்டிருக்கும். கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து, "அது என்ன சங்கேதம்?" என்று கத்தினார். என் பேத்தி... என் பெண்ணுக்குப் பால் இறங்கிவிட்டது என்று சொன்னேன். (பாருங்கள், உங்கள் வாய் எனக்கு ஒட்டிக்கொண்டது.) திரும்பிப் போய் உட்கார்ந்தார். இன்று காலை அந்த நேரத்துக்கு அவரே எழுந்து வந்து ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தார்.

இன்னொன்றும் செய்தார். உங்கள் சனிக்கிழமைக் கடிதத்தைத் திரும்ப வாங்கிப்போய், ஓரத்தில் பச்சை மையில் இப்படி எழுதிக் கொடுத்தார்: "மாலையைவிடக் காலையில் குறைவு. நான் முன்பே சொல்லியிருக்கலாம்." பையை அவிழ்த்து, புடவைகளை மடித்துவைத்துவிட்டேன்.

நிரந்தர உத்தரவும் தயார், கதவு திறக்கிற அன்று கைக்கு வரும் என்று நேற்று சொன்னார்கள். கூடவே ஒரு கேள்வி கேட்டார்கள். அடுத்த மாதம் வேறு ஒரு பரீட்சை, மறுபடியும் உள்ளே இருக்க வேண்டும், வருகிறாயா என்று. போகாவிட்டாலும் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் போனால், அந்த முறை மேற்பார்வை என் பொறுப்பில் தருவார்களாம். முடியாது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கதவு திறக்கிறது. அன்று மதியமே கிளம்புவதாக உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறீர்கள், நான் உள்ளே வரும் முன்பே அது என் காதுக்கு வந்தது. ஒரு நாள் தங்கிவிட்டுப் போகக் கூடாதா? நேரில் பேச வேண்டும். என்ன பேசுவேன் என்று இன்னும் தெரியவில்லை. சர்க்கரை கம்மியாகக் காபி மட்டுமாவது போட்டுத் தருகிறேன்.

உங்கள் மருமகள்


வியாழன்

அம்மாடி,

மூக்கடைப்பு சுத்தமா விட்டுடுச்சு. எனக்கு ஒட்டிக்கிச்சு. காசு குடுக்காம ஏறினவ இறங்கும்போது இதைக் குடுத்துட்டு இறங்கியிருக்கா. மருந்துக்கடைப் பொண்ணு, இந்தத் தடவை சொட்டு யாருக்குன்னு கேட்டுச் சிரிக்குது. இப்ப நான் தும்மினா வித்தவுட் கைகொட்டிச் சிரிக்கறா. மாடி வீட்டம்மா நேத்து வந்து எட்டிப் பாத்தாங்க, கையில டப்பா இல்ல. ராசியாயிட்டோம்.

நாளைக்கு நீ வரும்போது அவ தூங்கிட்டிருப்பா. வீடு சத்தமில்லாம இருக்கும், பயந்துடாதே. மூக்கு திறந்துட்டா பிள்ளை மூச்சு விடறதே காதுல விழாதாம், எனக்கு அது தெரியாது. முந்தாநாள் பயந்துபோய் மூக்குக்கிட்ட விரலை வெச்சு வெச்சுப் பாத்தேன். தூக்கத்துலயே என் விரலைப் பிடிச்சுக்கிட்டா. மத்தியானம் வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன், இழுத்துக்க மனசு வரல. முதுகு பிடிச்சுக்கிச்சு.

என் மகளுக்குப் போன் பண்ணிட்டேன். என் சட்டை வேட்டியெல்லாம் கட்டி அனுப்பச் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம்தான். அவ பிள்ளைங்க எல்லாம் வளந்து அவங்கவங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க, அங்க என் தோளுக்கு வேலை இல்லைன்னு சொன்னேன். அப்புறம் சரின்னுட்டா. உன் புருஷன்கிட்டயும் சொல்லியாச்சு. எவ்வளவு நாள்னு கேட்டான். எழுதினா அழிச்சுடுவாங்க, விடுடான்னேன்.

ஒரு விஷயத்துல மட்டும் உன்மேல எனக்கு வருத்தம். வீட்டுல ஆள் இல்லைன்னு எப்படிம்மா சொன்னே? என்னைப் பாத்தா உனக்கு ஆளாத் தெரியலையா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? கேக்க உனக்கு வாய் வரலைன்னு புரியுது. எனக்கும் இத்தனை வருஷம் வரல.

காபி நான் போட்டு வைக்கறேன். நீ நாளைக்கு வெளிய வர்றதுக்கு முன்னாடி வருகிறாயான்னு கேட்ட அந்த அதிகாரி ரூமுக்குப் போ. சொன்னதைத் திருத்திச் சொல்லிட்டு வா. வீட்டுல ஆள் இருக்கு.

உன் மாமா